கிணற்றை யார் பேரில் எழுதுவது?

இன்று காலை ஒன்பது நாற்பது நிலவரம் இது. நிரலாளர் செந்தமிழ்ச்செல்வி அவர்கள் கட்டித் தந்த ஒன்பது இணையதளங்களில் எட்டு, புதிய அடித்தளத்துக்கு மாறி நல்லபடியாக ஓடுகின்றன. தகவல் தந்தவர், அவரோடு ஆறு ஆண்டுகள் வேலை செய்த இசைவாணி. அவர் சொன்னதோடு நான் விடவில்லை. எட்டையும் என் போனில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் இந்த மேடைக்கு வந்தேன். ஒன்பதாவது, கல்வராயன் மலை மகளிர் குழுவின் தளம், இன்னும் மாறவில்லை. நவம்பர் முப்பதுக்குள் மாறாவிட்டால் அது நின்றுபோகும்.

தலைமை ஏற்றிருக்கும் சின்னசேலம் கல்யாண மண்டப உரிமையாளர் தங்கமணி அவர்களே! செல்வி அவர்களின் கணவர் அன்புச்செல்வன் அவர்களே! நைனார்பாளையத்திலிருந்து வேன் வைத்து வந்திருக்கும் உறவினர்களே! ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு வந்திருக்கும் நண்பர்களே! மூன்றாவது வரிசையில் இன்னமும் லேப்டாப்பை மூடாமல் உட்கார்ந்திருக்கும் இசைவாணி அவர்களே! எல்லோருக்கும் இந்த ராஜாங்கத்தின் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் இப்படியா பேச்சைத் தொடங்குவது என்று யாராவது நினைக்கலாம். முப்பத்து மூன்று ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் செய்தி சேகரிக்கிறேன். எத்தனையோ இரங்கல் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். மறைந்தவரே இங்கு வந்தால் முதலில் எதைக் கேட்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாத கூட்டம் இது ஒன்றுதான். "ஓடுதா சார்?" என்றுதான் கேட்பார். ஓடுது செல்வி. எட்டு ஓடுது!

அக்டோபர் 23, வியாழக்கிழமை காலை, மாரடைப்பு. வயது ஐம்பத்திரண்டு. அந்த வரியை என் வாரப் பத்திரிகையில் ஒருமுறை எழுதிவிட்டேன். அதுவே போதும். அழுவதற்கு நமக்கு ஒரு மாதம் இருந்தது. இன்று அவர் செய்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பு வரும். வரட்டும். கச்சிராயபாளையம் சாலையில் விதைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவர் அலுவலகம். அவர் மாடியில் சிரித்தால், கீழே கத்தரி விதை வாங்க வந்தவர் நிமிர்ந்து பார்ப்பார். அப்படிச் சிரித்தவரை நாம் மௌனமாகவா அனுப்புவது?

செந்தமிழ்ச்செல்வி அவர்கள் என்ன செய்தார்? கம்ப்யூட்டர் வேலை செய்தார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொன்னால் அது பாதிச் செய்தி. எனக்குப் பாதிச் செய்தி எழுதிப் பழக்கமில்லை.

இணையதளம் கட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதில்லை. அதற்கென்று ஆயத்தமான சட்டகங்கள் உண்டு. செல்வி அவர்கள் பயன்படுத்தியது ஜாங்கோ. அதன் மேல் அவர் கட்டிய முதல் தளம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடைக்கு. கடையின் பெரிய வியாபாரம் கண்ணீர் அஞ்சலி பேனர். ஆர்டர் கொடுத்தால் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும்: 'தங்கள் ஆழ்ந்த துயரத்தில் பங்கு கொள்கிறோம். உங்கள் பதிவு உறுதி செய்யப்பட்டது.' நல்ல வாசகம். யாரும் குறை சொல்லவில்லை.

இரண்டாவது, நம் தலைவர் தங்கமணி அவர்களின் மண்டபம். பேனர் கடைக்கு எழுதியதை அப்படியே நகல் எடுத்து, பெயரை மாற்றி, படத்தை மாற்றி, இரண்டே நாளில் முடித்தார். மூன்றாம் நாள், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒருவர் ஆவணி பன்னிரண்டுக்கு மண்டபம் பதிவு செய்தார். அவர் போனுக்கு என்ன போயிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

பெண்ணின் அப்பா டூவீலரை எடுத்துக்கொண்டு நேராக மண்டபத்துக்கே வந்துவிட்டார். அங்கிருந்து தங்கமணி அவர்கள் செல்விக்குப் போன் போட்டார். நான் அப்போது என் பத்திரிகைத் தளம் பற்றிப் பேச அந்த மாடியில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"இன்னாம்மா செல்வி, பொண்ணு வூட்டுக்காரரு இங்க வந்து குந்திக்கினு இருக்காரு. கல்யாணத்துக்குத் துக்கம் விசாரிக்கிற மண்டபம் ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்றாரு."

பின்னால் அந்த அப்பாவின் குரலும் கேட்டது. "எவனோ அனுபவஸ்தன்தான் எழுதிருக்கான் சார். விசயம் கரெக்ட்டுதான். ஆனா கல்யாணம் முடிஞ்சப்புறம் அனுப்பியிருக்கணும்."

செல்வி அவர்கள் அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். போனவர் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் பத்திரிகை வைத்து அழைக்கப்பட்டுத் திரும்பினார். வாசகத்தையும் திருத்தினார். ஆனால் எங்கே திருத்தினார்? மண்டபத்தின் தளத்தில் மட்டும். அதே நகல் அதற்குள் சங்கராபுரம் டிரைவிங் ஸ்கூலுக்கும் போயிருந்தது. பத்து நாள் கழித்து ஒருவருக்குச் செய்தி வந்தது: 'தங்கள் ஆழ்ந்த துயரத்தில் பங்கு கொள்கிறோம். நாளை காலை ஏழு மணிக்குக் கார் ஓட்ட வரவும்.'

அவர் வரவில்லை!

(சிரியுங்கள். செல்வி இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வார்.)

சிரித்து முடித்த பிறகு அவர் யோசித்தார். எல்லாத் தளத்துக்கும் தேவைப்படுகிற வேலைகள் சில இருக்கின்றன. போன் எண்ணை வைத்து உள்ளே விடுவது, குறுஞ்செய்தி அனுப்புவது, தமிழ்த் தேதி காட்டுவது, படத்தைச் சிறிதாக்குவது. இவற்றை ஒன்பது முறை நகல் எடுத்தால் ஒரு தவறை ஒன்பது முறை திருத்த வேண்டும். எட்டு முறை திருத்தி ஒன்றை மறந்தால் யாரோ ஒருவர் காலை ஏழு மணிக்குப் பயந்துபோய் வீட்டிலேயே இருப்பார். அப்படியென்றால் என்ன வழி?

வழி அவர் வீட்டிலேயே இருந்தது. அதை ஒருநாள் டீக்கடையில் எனக்குச் சொன்னார். நான் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

"சார், எங்க அப்பாவும் ரெண்டு சித்தப்பாவும் பாகம் பிரிச்சாங்க. நெலம் தனித்தனி. ஆனா பத்திரத்துல கடைசில ஒரு வரி இருக்கும் பாருங்க. கெணறு, மோட்டார் கொட்டாய், வண்டிப்பாதை மூணும் பொதுவுலன்னு. ஒருத்தரு கரும்பு போடுவாரு, ஒருத்தரு மரவள்ளி போடுவாரு. கெணறு இன்னா பயிருன்னு கேக்குதா? எழுதுன பத்திரக்காரரு கம்ப்யூட்டர் படிச்சவரா சார்?"

அன்று ஒரு பொது அடித்தளம் பிறந்தது. அந்தக் கோப்புறைக்கு அவர் வைத்த பெயர் 'கெணறு'. ஒன்பது தளத்துக்கும் பொதுவான வேலைகள் அதற்குள் போயின. மற்றதெல்லாம் அவரவர் நிலத்தில். மானிட்டருக்கு மேல் ஒரு விதியை எழுதி ஒட்டினார்: கெணத்துல வார்த்தை கெடையாது. குறுஞ்செய்தியை அனுப்புவது கிணற்றின் வேலை. அதில் துயரமா வாழ்த்தா என்பது அந்தந்த வீட்டின் வேலை. எவ்வளவு எளிய விதி! இதைக் கண்டுபிடிக்க ஒரு கல்யாண வீட்டுக்காரர் துக்கச் செய்தி வாங்க வேண்டியிருந்தது.

அவர் தவறே செய்யாதவர் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஒரு பெரிய தவறும் உண்டு.

மலைக் குழுவில் நாற்பத்தொரு பெண்கள். தேன், கடுக்காய், சாமை, புளி சேகரித்து விற்கிறார்கள். யார் எத்தனை கிலோ கொண்டு வந்தார் என்பதைச் சிக்னல் இல்லாத இடத்திலேயே போனில் பதிவார்கள். சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் போன் அதைத் தானாக அனுப்பிவிடும். அவர்களிடம் இருப்பது பன்னிரண்டு போன். ஒரு போனை மூன்று பேர், நான்கு பேர் வைத்துக்கொள்வார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை செல்வி அவர்கள் கிணற்றைச் சுத்தம் செய்தார். ஒரே போன் எண் இரண்டு பேருக்கு இருந்தால் அது தவறான பதிவு, நீக்கிவிடு என்று எழுதினார். சமவெளியில் எட்டுத் தளத்திலும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மலைக் குழுவின் தலைவி ஆயம்மாள், சிக்னல் கிடைக்கும் பாறை வரை நடந்து வந்து கூப்பிட்டார்.

"இன்னா செல்வி, எங்க குழுவுல இருபத்தொம்பது பேரக் காணோம்."

"காணோமா? இன்னாக்கா சொல்றீங்க?"

"யாரும் சாவல. எல்லாம் இங்கதான் குந்திக்கினு வெத்தல போட்டுக்கினு இருக்காங்க. உன் கம்ப்யூட்டர்லதான் காணோம். எங்க அனுப்பிச்ச?"

இருபத்தொன்பது பெயரும் மறுநாள் மதியத்துக்குள் திரும்பின. செல்வி அவர்கள் மலைக்கே போய், ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று சொன்ன பிறகே பஸ் ஏறினார்.

நகல் எடுத்தாலும் தவறு. ஒன்றாக வைத்தாலும், ஒருவர் கை வைத்தால் ஒன்பது வீட்டிலும் தண்ணீர் கலங்குகிறது. இப்போது என்ன செய்வது? இதற்கு விடை சொன்னவர் செல்வி அல்ல, இசைவாணி. அந்தச் சண்டை நடந்தபோதும் நான் அங்கிருந்தேன். செய்தியாளனுக்கு இப்படிச் சில அதிர்ஷ்டங்கள் உண்டு.

"அக்கா, ஒவ்வொரு தபா மாத்தும்போதும் கெணத்துக்கு ஒரு நம்பர் போடுங்க. யாருக்கு எந்த நம்பர் வேணுமோ அதுல மொண்டுக்கட்டும். தயாரா இருக்கறவங்க மட்டும் புதுசுக்கு வரட்டும்."

"கெணறுன்னா ஒரே தண்ணிதான்டி. நேத்திய தண்ணிய எந்தக் கெணத்துல மொண்ட நீ?"

"அதுக்குதாங்க்கா இது கம்ப்யூட்டரு. கெணறுன்னு பேரு வெச்சா தண்ணியாவே ஆயிடுமா?"

கீழே விதைக்கடைக்காரர் மேலே வந்து "இன்னாம்மா, அடிச்சிக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் நடந்தது அந்தச் சண்டை. மறுநாள் கிணற்றின் முதல் எண் பிறந்தது. எதை மாற்றினோம் என்று பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுத வேண்டும் அல்லவா? அது இன்றும் அங்கே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'கெணறு 1. இசைவாணி சொன்னதுதான் சரி. — செ.'

நண்பர்களே! தன் பதிவேட்டின் முதல் வரியிலேயே தன்னைவிட இருபது வயது இளைய சக ஊழியர் சொன்னதுதான் சரி என்று எழுதி வைக்கும் முதலாளிகள் எத்தனை பேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்தது ஒருவரை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வந்தது. புதிய எண்ணுக்கு மாறும்போது அந்தந்த உரிமையாளரே தன் தளத்தைத் திறந்து, ஒரு பதிவு போட்டுப் பார்த்து, வாயால் "ஓடுது" என்று சொல்ல வேண்டும். ஒன்பது "ஓடுது" சேர்ந்தால்தான் பழைய எண்ணை மூடுவார். தங்கமணி அவர்களைப் போல் நாங்கள் சிலர் முதலில் சலித்துக்கொண்டோம். "நீ பாத்தா போதாதாம்மா?" என்றால், "நான் பாத்துதான் இருபத்தொம்பது பேரு தொலைஞ்சாங்க" என்பார்.

இன்னொரு வழக்கம், பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு தூர் வாரும் நாள். ஒன்பது வீட்டிலிருந்தும் மாடிக்கு வருவோம். இசைவாணி கிணற்றில் இருக்கும் ஒவ்வொரு வேலையையும் வாசிப்பார். யாருக்காவது வேண்டுமா? கை தூக்காவிட்டால் அழித்துவிடுவார். வேண்டாத நிரல் சேரச் சேர யாருக்கும் எதுவும் புரியாமல் போய்விடும் என்பது செல்வி அவர்களின் கவலை. இரண்டு ஆண்டுக்கு முன் ஃபேக்ஸ் எண் கேட்கும் பெட்டியின் முறை வந்தது. நான் ஒருவன் மட்டும் கை தூக்கினேன். செல்வி கேட்டார்:

"ராஜாங்கம் சார், கடைசியா எப்ப ஃபேக்ஸ் அனுப்புனீங்க?"

"ரெண்டாயிரத்து ஒம்போதுல."

"யாருக்கு?"

"அதச் சொல்ல முடியாதும்மா. தகவல் தந்தவரக் காட்டிக் குடுக்கிறதில்ல."

எட்டுக்கு ஒன்று என்று தோற்றேன். பிறகு கேசரி போட்டார்கள்.

இனி கடைசிப் பகுதிக்கு வருகிறேன். ஆகஸ்டில், இந்தத் தளங்களை வைத்திருக்கும் சர்வர் நிறுவனம் ஒரு அறிவிப்பு அனுப்பியது. பழைய ஏற்பாடு நவம்பர் முப்பது வரைதான். மூன்றாம் எண் கிணற்றிலிருந்து நான்காம் எண் கிணற்றுக்கு எல்லோரும் மாறியாக வேண்டும். செல்வி அவர்கள் மறைந்தபோது நான்கு மாறியிருந்தன. ஐந்து பாக்கி. அதில் மலைத் தளத்துக்குத்தான் வேலை அதிகம், சிக்னல் இல்லாமல் பதிவாகும் ஏற்பாடு அதற்கு மட்டுமே உண்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நவம்பர் எட்டு, சனிக்கிழமை, ஒன்பது பேரும் அந்த மாடியில் கூடினோம். அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தலைவர் தங்கமணி அவர்கள்தான் பேச்சை எடுத்தார். அவர் அனுமதியோடு இதைச் சொல்கிறேன்.

"செல்வி இருந்த வரைக்கும் சரி. இனிமே இதெல்லாம் யாரு பாக்கறது? ஆளுக்கு ஒரு காப்பி எடுத்துக்குவோம். அவங்கவங்க வூட்ட அவங்கவங்க பாத்துக்குவோம். இசைவாணிக்கும் பாரம் கம்மி."

நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. தலைகள் ஆடின. என் தலையும் ஆடியது, மறைப்பானேன்? இசைவாணி மட்டும் மெதுவாகச் சொன்னார். "காப்பி எடுத்தா மத்தவங்கல்லாம் தனித்தனி ஆளு வெச்சி மாத்திக்கலாம் சார். மலைக்கு யாரு ஆளு? நானே ஒவ்வொரு வூடா பாக்கணும்னா முப்பதாம் தேதிக்குள்ள அங்க போய்ச் சேர மாட்டேன்."

அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த ஆயம்மாள் கேட்டார். காலை முதல் பஸ் பிடித்து வந்தவர்.

"பிரிக்கறதுன்னா பிரிங்க. நீங்கல்லாம் நெலம் வெச்சிருக்கறவங்க, பாகம் பிரிச்சிப் பழக்கம் இருக்கும். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் பிரிங்க. கெணத்த யாரு பேர்ல எழுதப் போறீங்க?"

அந்த மாடியில் விவசாயக் குடும்பத்துக்காரர்கள் ஆறு பேர் இருந்தோம். எந்தப் பாகப்பத்திரத்திலாவது பொதுக் கிணற்றை ஒருவர் பேரில் எழுதினால் என்ன ஆகும் என்று ஆறு பேருக்கும் தெரியும். தங்கமணி அவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"பொதுவுலதாம்மா எழுதணும். வேற எப்டி எழுதறது?"

"அப்ப எழுதுங்க."

எழுதினோம். என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். இரண்டே வரி. 'கெணறு ஒன்பது வீட்டுக்கும் பொது. ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பழைய கிணற்றை மூடக்கூடாது.' முதல் கையெழுத்து ஆயம்மாளுடையது. இரண்டாவது தங்கமணி அவர்களுடையது. அன்புச்செல்வன் அவர்கள், "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க, டீ சொல்றேன்" என்று கீழே போனார். அவர் போன பிறகு அந்த மாடியில் அன்றுதான் முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தோம்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நவம்பர் பதினொன்று, அரிசி ஆலை மாறியது. பதினான்கு, நர்சரி. பதினெட்டு, என் வாரப் பத்திரிகை. இன்று காலை, டிரைவிங் ஸ்கூல். எட்டு பேர் "ஓடுது" சொல்லியிருக்கிறோம். செல்வி அவர்கள் இல்லாமல், அவர் எழுதிய வழியில், அவர் கை படாமல் நான்கு தளங்கள் மாறியிருக்கின்றன. ஒருவர் நல்ல வேலை செய்தார் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? இதற்கு நாம் மகிழாமல் வேறு எதற்கு மகிழ்வது?

செந்தமிழ்ச்செல்வி அவர்களே! உங்கள் கிணற்றை நாங்கள் பிரிக்க மாட்டோம். ஒருவர் வசதிக்காக இன்னொருவர் பெயரை அழிக்க மாட்டோம். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு தூர் வார வருவோம். இசைவாணி சொல்வது சரியாக இருந்தால் சரி என்று எழுதுவோம். தவறாக இருந்தால் விதைக்கடைக்காரர் மேலே வரும் வரை சண்டை போடுவோம். இது ஒன்பது வீட்டின் உறுதி.

பாக்கி இருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். மலைத் தளத்துக்கான நிரல் வேலை வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது என்கிறார் இசைவாணி. ஆனால் மாற்றுவதற்கு முன் பன்னிரண்டு போன்களிலும் சேர்ந்திருக்கும் பதிவுகள் வந்தாக வேண்டும். ஒன்பது போனின் பதிவுகள் வந்துவிட்டன. மூன்று போன், சாமை அறுப்புக்குப் போய்க் காட்டுக் கொட்டாயிலேயே தங்கியிருக்கும் பெண்களிடம் இருக்கிறது. அங்கே சிக்னல் இல்லை. அந்த மூன்று போனுக்குள் பதினோரு பெண்களின் ஒரு மாத உழைப்பு இருக்கிறது. அது வராமல் பழைய கிணற்றை மூட இசைவாணி சம்மதிக்கவில்லை. நாங்களும் சம்மதிக்கவில்லை.

நேற்று மாலை ஐந்து பத்துக்கு ஆயம்மாளிடம் பேசினேன். "வியாழக்கிழமை குழுக் கூட்டத்துக்கு வந்துருவாங்க சார். மழ புடிச்சிக்கினா நானே போயி போன வாங்கியாறேன்" என்றார். இசைவாணி வியாழக்கிழமை காலை வெள்ளிமலை பஸ்ஸில் போகிறார். மதியம் ஒரு மணிக்குள் முடியும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. மழை பெய்தால் வெள்ளிக்கிழமை. கெடு ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாவது "ஓடுது" ஆயம்மாள் சொல்ல வேண்டியது. அவர் இன்னும் சொல்லவில்லை.